கருமைக்குப் பின்னால் ஒரு காயம்
கோடையும் நம் தோலும்: பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



சித்திரை பிறந்துவிட்டது. இந்த மாத இறுதிக்குள் சென்னையில் ஒரு நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கும். நட்டுவைத்த கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும் நாள் அது. கன்னியாகுமரியில் அந்த நாள் ஏப்ரல் இரண்டாவது வாரத்திலேயே வந்து போய்விட்டது. அடுத்து அக்னி நட்சத்திரம். பிள்ளைகளுக்கு விடுமுறை, ஊர்த் திருவிழா, ஊட்டி, கொடைக்கானல் பயணம் எல்லாம் இந்த இரண்டு மாதத்துக்குள்தான் வரும். ஜூன் மாதம் தோல் மருத்துவரின் அறைக்கு வெளியே வரிசை நீளும். "முகமெல்லாம் கறுத்துப் போச்சு டாக்டர், ஏதாவது கிரீம் எழுதிக் குடுங்க" என்பார்கள்.

அந்தப் பேச்சை ஜூனில் பேசுவதைவிட ஏப்ரலில் பேசுவது நல்லது என்றுதான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். நான் சொல்ல வந்ததைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோலில் புதிதாகத் தோன்றும் கருந்திட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. வெயில் செய்த காயம், தேய்த்ததால் வந்த காயம், பரு ஆறும்போது விட்டுப்போன காயம், தவறான கிரீம் உண்டாக்கிய காயம். அந்தக் காயத்தைத் தடுத்தால் கருமையைத் தடுக்கலாம். காயத்தை அப்படியே விட்டுவிட்டு நிறத்தோடு மட்டும் மல்லுக்கு நின்றால் கருமை கூடும்.

நம் மேல்தோலின் அடி வரிசையில் மெலனோசைட் என்ற செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. கிளைகள் போல நீட்டிய கைகளால் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 36 தோல் செல்களுக்கு மெலனின் என்ற நிறமியைச் சிறு சிறு மணிகளாக அனுப்புகிறது. அந்த மணிகள் செல்லுக்குள் கண்ட இடத்தில் சிதறிக் கிடப்பதில்லை. செல்லின் உட்கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கமாகக் கூடி, குடை பிடிப்பது போல நிற்கின்றன. உட்கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வைப் புற ஊதாக் கதிர் தாக்காமல் காப்பது அவற்றின் வேலை. வெள்ளைக்காரருக்கும் நமக்கும் ஆப்பிரிக்கருக்கும் இந்த மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். மணிகளின் பருமனும் வகையும் அவை பரவியிருக்கும் விதமும்தான் வேறு. ஆகவே நம் மாநிறமும் கறுப்பும் ஒரு குறையாகவோ நோயாகவோ இருக்க வழியே இல்லை. இந்த வெயிலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் உடலுக்கு அமைந்த பாதுகாப்பு அது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கையைத் தூக்கி, அக்குளுக்குச் சற்றுக் கீழே மேற்கையின் உட்புறத்தைப் பாருங்கள். பிறகு முழங்கைக்குக் கீழே வெளிப்புறத்தைப் பாருங்கள். உட்புறத்தில் இருப்பது நீங்கள் பிறவியில் பெற்ற நிறம். வெளிப்புறத்தில் அதைவிடக் கூடுதலாக இருக்கும் கருமை, வெயில் சேர்த்து வைத்த கணக்கு. பாதுகாப்பும் சிகிச்சையும் நம்மை அந்த உட்புற நிறம் வரைக்கும் கொண்டுபோகலாம். அதற்கு மேல் வெளுப்பாக்குகிறேன் என்று யார் சொன்னாலும், அங்கே ஆபத்து தொடங்குகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வெயில். நம்மைச் சுடுவது ஒன்று, கறுக்க வைப்பது இன்னொன்று. சுடுவது வெப்பம். கறுக்க வைப்பதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிருக்கு. அதில் ஏ, பி என்று இரண்டு வகை பூமிக்கு வந்து சேர்கின்றன. பி வகை மேல்தோலைத் தாக்கிச் சிவக்க வைக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துப் புதிய மெலனினை உண்டாக்கும். திருச்செந்தூர் கடலில் குளித்துவிட்டு வந்த அன்று முகம் சிவந்திருப்பதும், மூன்றாம் நாள் கறுப்பதும் இதனால்தான். ஏ வகை இன்னும் ஆழமாக இறங்கும். ஏற்கெனவே இருக்கும் மெலனினைச் சில நிமிடங்களிலேயே கறுக்க வைக்கும். ஆண்டுக்கணக்கில் பட்டால் தோலைச் சுருங்கவும் வைக்கும்.

வெப்பமும் புற ஊதாவும் வேறு வேறு என்பதற்கு ஊட்டியே சாட்சி. அங்கே போனால் குளிர் காற்று, மெல்லிய மேகம், வெயில் உறைப்பதே தெரியாது. ஆனால் 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 விழுக்காடு என்ற கணக்கில் புற ஊதாக் கதிர் கூடிக்கொண்டே போகும். 2,200 மீட்டருக்கு மேல் உயரமுள்ள ஊட்டியில், அதே தெளிந்த வானத்தின் கீழ், சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். மெல்லிய மேகமும் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. குளிர்ச்சியான ஊருக்குப் போய்விட்டு முகம் கறுத்து வருவதன் காரணம் இதுதான்.

கண்ணாடியும் அப்படித்தான். ஜன்னல் கண்ணாடி பி வகையைப் பெருமளவு தடுத்துவிடும். ஏ வகையில் பெரும்பகுதியை உள்ளே விடும். தோல் எரியாததால் நாம் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொள்வோம். நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். நெடுங்காலம் லாரி ஓட்டியவரின் இரண்டு முன்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வலக்கை தனியாகக் கறுத்திருப்பது தெரியும். இரு சக்கர வாகனத்தில் போகிறவர்களுக்கு விரல் முட்டிகளிலும், செருப்பு வார் மறைக்காத பாதத்திலும் அதே கணக்கு எழுதியிருக்கும். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பாருங்கள்; ஒரு சிறு பட்டை எவ்வளவு தடுத்திருக்கிறது என்று தெரியும்.

எந்த நேரம் ஆபத்தான நேரம் என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டாம். உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். நம் பகுதியில் மே மாதத்தில் ஏறத்தாழ காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை நிழல் குட்டைதான். உலக சுகாதார நிறுவனம் புற ஊதாக் குறியீடு 3 ஆனாலே பாதுகாப்பு தேவை என்கிறது. 11-ஐத் தொட்டால் மிகக் கடுமை என்ற வரிசையில் வைக்கிறது. கோடையில் தமிழ்நாட்டின் நண்பகல் அந்த வரிசையை எளிதாக எட்டிவிடும். கோயிலுக்குப் போவதோ, துணி எடுக்கப் போவதோ, பிள்ளைகளைக் கிரிக்கெட்டுக்கு அனுப்புவதோ இந்த ஆறு மணி நேரத்துக்கு வெளியே வைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

முடியாதவர்கள் பலர் இருக்கிறார்கள். வயலில், கட்டட வேலையில், நூறு நாள் வேலையில், மீன் கூடையோடு தெருவில், போக்குவரத்துச் சந்திப்பில் நிற்பவர்களிடம் நண்பகலில் வெளியே போகாதீர்கள் என்று சொல்வதில் பொருளில்லை. அவர்களுக்கும் நமக்கும் முதல் மருந்து துணி. களை எடுக்கப் போகும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சேலைக்கு மேல் வீட்டு ஆம்பளையின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, மணிக்கட்டுவரை பொத்தானிட்டு, தலையில் துண்டைச் சுற்றிக் கன்னத்தை மறைத்து முடிந்திருப்பார்கள். விலை உயர்ந்த எந்தக் கிரீமும் அந்த முழுக்கைச் சட்டைக்கு ஈடாகாது. அது வியர்வையில் கரையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டியதும் இல்லை. நெருக்கமாக நெய்த, அடர்ந்த நிறத் துணி நல்லது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரிகிற மெல்லிய துணி அவ்வளவாகத் தடுக்காது. குடையில் கறுப்புக் குடை நல்லது. மணல், சிமெண்ட் தரை, நீர் ஆகியவை கதிரைக் கீழிருந்து மேலே திருப்பி அனுப்பும் என்பதால் குடைக்குள் இருந்தாலும் முகத்துக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும். அகன்ற விளிம்புள்ள தொப்பி அதற்கு உதவும்.

துணி மறைக்காத இடத்துக்குச் சன்ஸ்கிரீன். அட்டையில் இரண்டு விவரம் பாருங்கள். எஸ்.பி.எஃப். என்பது பி வகைக்கான அளவு. 30 என்றால் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கும்; 50 என்றால் சுமார் 98. இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. பி.ஏ. என்று போட்டு அருகில் கூட்டல் குறிகள் இருக்கும்; அது ஏ வகைக்கானது. மூன்று கூட்டல் குறியாவது இருக்கட்டும். ஆனால் அட்டையில் உள்ள எண் உங்கள் முகத்துக்கு வருவது நீங்கள் பூசும் அளவைப் பொறுத்தது. பலர் கடலை அளவு எடுத்து முகம் முழுக்க இழுத்துவிடுகிறார்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடு இட்டால் எவ்வளவு வருமோ, அவ்வளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். வெளியே கிளம்ப 15 நிமிடம் முன்பே பூச வேண்டும். காதும் பின்கழுத்தும் புறங்கையும் மறந்துபோகும் இடங்கள். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்; வியர்த்து வழிந்து துடைத்தால் அதற்கு முன்பே பூச வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் பரு வரும் முகத்துக்கும் எண்ணெய்ப் பசை இல்லாத ஜெல் வகை ஒத்துப்போகும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம். நிழலும் துணியும் போதும்.

வைட்டமின் டி குறைந்துவிடாதா என்று கேட்பீர்கள். அந்த வைட்டமினுக்காக முகத்தை வாட்ட வேண்டியதில்லை. முகத்தை மறைத்துக்கொண்டு கை கால்களில் சற்று நேரம் வெயில் பட்டாலும் உடல் அதைத் தயாரிக்கும். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தப் பலனும் கிடையாது. குறைபாடு இருப்பதாகச் சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் சொல்வதுபோல் மருந்து எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

இனி மற்றக் காயங்கள். நம்மைப் போன்ற நிறத்தோலில் ஒரு பரு ஆறினாலும், கொசு கடித்த இடத்தைச் சொறிந்தாலும், வேனல் கட்டி உடைந்தாலும் அந்த இடம் கறுத்துத்தான் ஆறும். பரு தானாக ஆறினால் தடம் சிறியது. நகத்தால் கிள்ளினால் தடம் பெரியது, ஆழமானது. வெயில் பட்டால் அந்தத் தடம் மாதக்கணக்கில் மறையாது. பருவுக்கு வைத்தியம் பார்ப்பதுகூட கரும்புள்ளியைத் தடுக்கும் வேலைதான். பருவுக்குத் தரும் டாக்சிசைக்ளின் போன்ற சில மாத்திரைகள் தோலை வெயிலுக்கு மேலும் கூச வைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தேய்ப்பது இன்னொரு காயம். வெயிலில் கறுத்ததை அழுக்கு என்று எண்ணி, பீர்க்கங்காய் நாரையோ நைலான் பிரஷையோ எடுத்து முதுகையும் கையையும் உரசு உரசு என்று உரசுகிறோம். வருடக்கணக்கில் அப்படி உரசினால் மேல்முதுகிலும் புயத்திலும் அலை அலையாக ஒரு பழுப்புக் கருமை படியும். அது எளிதில் போகாது. எலுமிச்சைச் சாற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலுமிச்சையில் வெயிலோடு சேர்ந்து வினைபுரியும் பொருள் இருக்கிறது. சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் அந்த இடம் சிவந்து, கொப்பளித்து, சாறு வழிந்த தடத்திலேயே கோடாகக் கறுக்கும். முகத்தை வெளுக்க வைக்க என்று எலுமிச்சையைத் தேய்க்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். தலைச்சாயம் பூசுகிறவர்களுக்கு நெற்றி ஓரத்திலும் காதோரத்திலும் கருமை படர்ந்தால், அரிப்பு இல்லாவிட்டாலும், சாயம் ஒவ்வாமல் போயிருக்கலாம். குங்குமமும் சிலருக்கு அப்படிச் செய்யும். காரணமான பொருளை நிறுத்தாமல் எந்தக் கிரீமும் பலிக்காது.

தாய்மார்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது மங்கு. இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் நெற்றியிலும் மேலுதட்டின் மேலும் ஒரே சீராகப் படரும் பழுப்புத் திட்டு. கர்ப்பத்தில் வரும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது வரும், குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வர வாய்ப்பு உண்டு. ஆனால் அதை ஊதிப் பெருக்குவது வெயில். அடுப்பின் அனலும் அதைக் கூட்டும் என்பதால், ஓட்டலிலும் கல்யாணச் சமையலிலும் நாள் முழுதும் அனலில் நிற்பவர்களுக்கு வெயிலில் போகாமலேயே மங்கு கூடுவது உண்டு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் உள்ள நீலக் கதிரும் நம் நிறத்தோலில் மங்கைக் கூட்டும். சாதாரணச் சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் டிண்டட் சன்ஸ்கிரீன் அதற்கு உதவும். கர்ப்பிணிகள் மங்குக்கு மருந்தை அவசரப்பட்டுப் போடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் பலருக்குத் தானாகக் குறையும். ஹைட்ரோகுவினோன், டிரெடினாயின் இரண்டும் கர்ப்ப காலத்தில் வேண்டாம்.

எல்லாக் கருமைக்கும் வெயிலைக் குற்றம் சொல்லிவிடவும் கூடாது. "கண்ணு, கழுத்துல அழுக்கு அப்பியிருக்கு பாரு, நல்லாத் தேய்ச்சுக் குளி" என்று பிள்ளையைத் திட்டுகிற அம்மாக்களுக்கு ஒன்று சொல்கிறேன். பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணி போலத் தடித்து வரும் கருமை அழுக்காக இருப்பதில்லை. பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறி அது. அந்தப் பிள்ளைக்குச் சோப்பைவிட அவசரத் தேவை எடையைக் கவனிப்பதும் சர்க்கரைப் பரிசோதனையும்தான். கோடை வியர்வையில் மார்பிலும் முதுகிலும் கழுத்திலும் பொடிப் பொடியாக வெளிர்ந்தோ பழுப்பாகவோ வரும் தேமல் ஒரு பூஞ்சை செய்வது. எளிய மருந்தில் சரியாகும், நிறம் திரும்பச் சில வாரங்கள் ஆகும். தேமல் போலத் தெரியும் இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் உடனே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொழுநோய்க்கு அங்கே இலவச மருந்து உண்டு, முழுதாகக் குணமாகும். வடிவம் மாறிக்கொண்டே வரும் மச்சம், ரத்தம் கசியும் திட்டு, உள்ளங்காலில் புதிதாகத் தோன்றிய கரும்புள்ளி, நகத்தில் அகன்றுகொண்டே போகும் கருங்கோடு இவற்றையும் தள்ளிப் போடாமல் காட்டுங்கள்.

இப்போது கிரீம்கள். எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் பகுதி இது. மருந்துக்கடையில் ஒரு சிறு டியூப் கேட்டு வாங்குகிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு வெளுத்தது, எனக்கும் வெளுக்கும் என்று பூசுகிறார்கள். அதில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒரு ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலியும், சிவந்த ரத்தக் குழாய்கள் கோடு கோடாகத் தெரியும், பரு பொங்கும், பெண்களுக்கு முகத்தில் ரோமம் வளரும். நிறுத்தினால் எரியும், பழைய கருமை இன்னும் அடர்ந்து திரும்பும். அதனால் நிறுத்த முடியாமல் மாதக்கணக்கில் பூசுகிறார்கள். இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் இதற்கு எதிராக நெடுநாள் குரல் கொடுத்தது. 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் சீட்டு இல்லாமல் கைமாறுவது இன்னும் நிற்கவில்லை. அப்படி ஒரு டியூப் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே அதன் பெயரைப் படித்துப் பாருங்கள். மாதக்கணக்கில் பூசியிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாமல் அந்த டியூபோடு தோல் மருத்துவரைப் பாருங்கள். அவர் உங்களைப் படிப்படியாக அதிலிருந்து வெளியே கொண்டுவருவார்.

இதைவிடக் கொடியது பாதரசம். மெலனின் உண்டாவதைத் தடுக்கும் என்பதால் சில வெளுப்பு கிரீம்களில் அதைக் கலக்கிறார்கள். தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், வெளுப்பு கிரீம் பூசி வந்தவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை 2023-இல் மருத்துவர்கள் கண்டு சொன்னார்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-இல் உருவான மினமாட்டா உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருள்களை 2020-க்குப் பிறகு தயாரிக்கவோ ஏற்றுமதி, இறக்குமதி செய்யவோ கூடாது என்றது. தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், உள்ளடக்கப் பட்டியல் இல்லாத எந்தக் கிரீமையும் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு வாரத்தில் வெளுப்பு என்ற வாக்குறுதியே எச்சரிக்கை மணி. தோலின் மேலடுக்கு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆகும். நல்ல சிகிச்சைகூடப் பலன் காட்ட மூன்று மாதமாவது எடுக்கும்.

இத்தனை பேர் இந்த ஆபத்துக்குள் இறங்குவது ஏன்? கரும்புள்ளி போனால் போதும் என்றா, கறுப்பே போக வேண்டும் என்றா? இந்தியாவில் ஒரு பெரிய சிவப்பழகு கிரீமின் விளம்பரம் 1975-லிருந்து நம் வீடுகளுக்குள் பேசிக்கொண்டிருக்கிறது. 2009-இல் சென்னையில் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. அந்தப் பெரிய கிரீம் தன் பெயரிலிருந்து வெளுப்பைக் குறிக்கும் சொல்லை 2020-இல் நீக்கியது. டப்பாவில் பெயர் மாறிவிட்டது. நம் கூடத்தில் பேச்சு மாற வேண்டும். விடுமுறை முடிந்து தாத்தா வீட்டிலிருந்து திரும்பும் பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி "என்னடி இப்படிக் கறுத்துட்டே" என்று கேட்கிறோம். ஆற்றில் குளித்த, மரம் ஏறிய சந்தோஷத்தை அந்த ஒரு வார்த்தை வெட்கமாக மாற்றிவிடுகிறது. பத்து வருஷம் கழித்து அந்தப் பெண் மருந்துக்கடையில் நின்று கேட்கும் டியூபுக்கு நாம்தான் முதல் விளம்பரம் செய்திருப்போம்.

தோலைக் காப்பாற்றச் சொல்கிறேன். நிறத்தை மாற்றச் சொல்லவில்லை. வெயிலில் காயம் படாத கறுப்புத் தோல் சீராக, உறுதியாக, வயது தெரியாமல் இருக்கும். அதற்கு வேண்டியவை சில: நிழல் குட்டையாகும் நேரத்தில் துணியும் குடையும், துணி மறைக்காத இடத்தில் போதிய அளவு சன்ஸ்கிரீன், தேய்க்காத குளியல், கிள்ளாத பரு, மருத்துவர் எழுதாத டியூபுக்கு வீட்டில் இடமில்லை என்ற ஒரு முடிவு. இந்தக் கோடையில் இவற்றைத் தொடங்குங்கள். அதோடு, ஊரிலிருந்து திரும்பும் பிள்ளையிடம் முதலில் என்ன விளையாடினாய் என்று கேளுங்கள்.